நாட்டுக் காவலில் சேமப்படை

ஆண்டுவிழா மலருக்கு வரலாறு தொடர்பான கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு நம் சங்கச் செயலாளர் பணித்தபோது, எளியேன் பெரிதும் தயங்கினேன். பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் யான். இரயில்வேயில் பணியாளர் பிரிவில் எழுத்தர். வரலாற்றறிஞன் அல்லேன். ஆயினும் என் மேசைமீது நாள்தோறும் வந்து குவியும் சேவைப் பதிவேடுகளே எனக்கு ஒரு வரலாற்றுப் பாடம் கற்பித்தன. அதனைச் சங்க அன்பர்கள் முன் வைக்கத் துணிந்தேன்.

குடும்ப ஓய்வூதியத் திருத்தத்திற்காகப் பழைய பதிவேடுகளைப் புரட்டுங்கால், சிலவற்றில் இரண்டு வரிகளைக் காண்பதுண்டு. முதல் வரி, இன்ன நாளில் பிராந்திய இராணுவப் பணிக்கு அழைக்கப்பட்டார் என்பது. அடுத்த வரி, இன்ன நாளில் தம் பழைய பணிக்குத் திரும்பினார் என்பது. இவற்றுக்கு முன்னும் பின்னும் இருப்பன ஊதிய உயர்வும் விடுப்புக் கணக்குமே. அவ்விரு வரிகளுக்கிடையே நாடு ஒரு போரை நடத்தி முடித்திருக்கும்! எஞ்சின் கொட்டகைப் ஃபிட்டரும், பாயிண்ட்ஸ்மேனும், என் போன்ற எழுத்தரும் சில திங்கள் சிப்பாயாக இருந்து, பின்னர் ஓசையின்றித் தம் இருக்கைக்குத் திரும்பியிருப்பர். இத்தகையோரைப் பற்றியதே இக்கட்டுரை.

சேமப்படை என்பது யாது?

ஒரு நாட்டின் படைபலத்தை இரு கூறாகப் பிரிக்கலாம். ஆண்டு முழுதும் ஆயுதம் தாங்கி நிற்பது நிலைப்படை. அமைதிக் காலத்தில் தத்தம் தொழிலைச் செய்துகொண்டு, அழைப்பு வந்தவுடன் அணிவகுப்பது சேமப்படை. சேமப்படையினரிலும் இருவகையினர் உளர். நிலைப்படையில் பணிமுடித்து வீடு திரும்பிய பின்னும் குறித்த காலம்வரை அழைப்புக்குக் கட்டுப்பட்டவர்கள் ஒருவகையினர். வயலிலோ அலுவலகத்திலோ தொழிற்சாலையிலோ பணிபுரிந்துகொண்டே ஆண்டில் சில வாரங்கள் பயிற்சி பெறும் குடிமக்கள் மற்றொரு வகையினர். நம் நாட்டில் பிராந்திய இராணுவம் என வழங்குவது இரண்டாம் வகையைச் சார்ந்தது. 'டெரிடோரியல் ஆர்மி' என்றால் நம் பிள்ளைகளுக்கு எளிதில் விளங்கும். கிரிக்கெட் வீரர் கபில்தேவ் 2008-லும், தோனி 2011-லும் மதிப்புறு லெப்டினன்ட் கர்னல் பதவி பெற்றது இப்படையில்தான்.

வளரும் நாடு ஒன்றுக்கு இத்தகைய படை ஏன் வேண்டும்? விடை எளிது. பள்ளிக்கூடம் கட்டவும், அணை எழுப்பவும், இருப்புப்பாதை இடவும் வேண்டிய பணம், பீரங்கிக்கும் வேண்டியிருக்கிறது. செல்வம் மிக்க நாடு இரண்டையும் ஒருங்கே செய்யும். வறிய நாடு ஒன்றைக் குறைத்தே மற்றொன்றைப் பெருக்க இயலும். நிலைப்படை வீரனுக்கு ஆண்டு முழுதும் உணவும் உடையும் ஊதியமும், பின்னர் ஓய்வூதியமும் வழங்க வேண்டும். சேமப்படையாளனுக்கோ பயிற்சி நாள்களுக்கும் பணிக்கு அழைத்த நாள்களுக்கும் மட்டுமே செலவு. எஞ்சிய நாள்களில் அவன் நெல் விளைவிக்கிறான், வண்டி ஓட்டுகிறான், நாட்டின் செல்வத்தைப் பெருக்குகிறான்.

முன்னோர் கண்ட படைவகை

இஃது ஏதோ மேனாட்டார் கண்டுபிடிப்பு என எண்ணற்க. திருக்குறளுக்கு உரைகண்ட பரிமேலழகர் படையை அறுவகையாகப் பகுத்துரைப்பர்: மூலப்படை, கூலிப்படை, நாட்டுப்படை, காட்டுப்படை, துணைப்படை, பகைப்படை என. இவற்றுள் வழிவழியாக வந்த மூலப்படையே சிறந்ததெனப் போற்றப்பட்டது. எனினும் நாட்டுப்படை என்பதற்கும் தனியிடம் தரப்பட்டுள்ளமை கருதத்தக்கது.

வடமொழி அர்த்தசாத்திரமும் ஆறு வகையே கூறுகிறது. அதில் ஒன்று 'சிரேணி' எனப்படும். ஒரே தொழில் செய்வோர் கூடிய குழுவுக்குச் சிரேணி என்று பெயர். அக்குழுவினரிலிருந்து திரட்டப்படுவது சிரேணிப்படை. இரயில்வே ஊழியரைக் கொண்டே இரயில்வேப் படைப்பிரிவு அமைத்த பிற்காலத்தாரின் எண்ணமும் இதனோடு ஒத்திருத்தல் காண்க. நம் சோழநாட்டுக் கல்வெட்டுகளில் கைக்கோளப் படைகள் பல குறிக்கப்படுகின்றன. கைக்கோளர் என்னும் அப்பெயர் பின்னாளில் நெசவுத்தொழில் புரியும் பெருங்குடியினருக்கு உரியதாக விளங்கிற்று. தொழிலும் வாளும் நம்மவரிடையே எஞ்ஞான்றும் பகைத்து நின்றனவல்ல.

ஆங்கிலேயர் ஆட்சியில்

1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சி ஆங்கிலேயருக்கு இரண்டு உண்மைகளை உணர்த்திற்று. இரயிலும் தந்தியும் இன்றிப் பரந்த இந்நாட்டை ஆளவியலாது என்பது ஒன்று. அவற்றைக் காக்கத் தம்மினத்தாரைக் கொண்ட தொண்டர்படை வேண்டும் என்பது மற்றொன்று. இதன் விளைவாக இரயில்வேக் கம்பெனிகளிலேயே தொண்டர் துப்பாக்கிப் படைகள் தோன்றின. கிழக்கிந்திய இரயில்வேயின் படை 1869-இல் அமைந்தது. நம் தென்னிந்திய இரயில்வேக்கும் அத்தகைய படை ஒன்று இருந்தது. இவற்றில் இருந்தோர் ஐரோப்பியரும் ஆங்கிலோ இந்தியருமே. அதே பாதையில் தண்டவாளம் சுமந்த இந்தியத் தொழிலாளிக்கு அப்படையில் இடமில்லை.

நிலைப்படையைப் பொறுத்தமட்டில் 1886-இல் சேமப்படை முறை தொடங்கிற்று. 1888-இல் அதற்கெனச் சட்டமும் பிறந்தது. ஆயின் 1914-இல் உலகப்போர் மூண்டு சேமப்படையினரை அழைத்தபோது, வந்தவருள் பலர் மூப்படைந்தும் உடல் தளர்ந்தும் போர்க்களத்திற்குத் தகுதியற்றவராயிருந்தனர். ஏட்டில் எண்ணிக்கை இருந்தது. களத்தில் ஆள் இல்லை. ஆண்டுதோறும் பயிற்சியளித்துப் பேணாத சேமப்படை, எண்ணெயிடாத அச்சு போன்றது. ஓடும்வரை தெரியாது, ஓடத் தொடங்கியதும் சூடேறி நின்றுவிடும்.

அப்போரின் நெருக்கடியால் 1917-இல் இந்தியப் பாதுகாப்புப் படைச் சட்டம் வந்தது. போர் முடிந்தபின் 1920-இல் இரு சட்டங்கள் இயற்றப்பட்டன. துணைப்படைச் சட்டம் ஐரோப்பியருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும் உரியது. இந்தியப் பிராந்தியப் படைச் சட்டம் இந்தியருக்கு உரியது. ஒரே நாடு, ஒரே காவல். படையோ நிறம் பார்த்து இரண்டு! இவ்வேற்றுமை குறித்து எழுந்த குறைகளை ஆராய 1924-இல் ஷியா என்பார் தலைமையில் ஒரு குழு அமைந்தது. எனினும் குடிமகனை நம்பி அவன் கையில் துப்பாக்கி தர அயலாட்சிக்கு மனம் வருமா? விடுதலை வரும்வரை இவ்விருமை நீங்கவில்லை. சேமப்படைக்கு முதல் தேவை, அரசுக்குத் தன் குடிகளிடத்து நம்பிக்கை. அயலாட்சியில் அந்நம்பிக்கை இல்லை என்பதே இப்பகுதியின் சாரம்.

விடுதலைக்குப் பின்

1948-இல் பிராந்திய இராணுவச் சட்டம் நிறைவேறிற்று. 1949 அக்டோபர் 9-ஆம் நாள் அப்படையை முறைப்படி தொடங்கிவைத்தவர் யார் தெரியுமா? அன்றைய கவர்னர் ஜெனரல் சக்கரவர்த்தி இராஜகோபாலாச்சாரியார். உப்புக்காக வேதாரணியம் வரை நடந்து சிறை சென்ற காந்தியத் தொண்டர் ஒருவர், குடிமக்களின் படையைத் தொடங்கிவைத்தமை எண்ணியெண்ணி இன்புறத்தக்கது. இன்றும் அக்டோபர் 9-ஆம் நாளே அப்படையின் நாளாகக் கொண்டாடப்படுகிறது. 'விழிப்பும் வீரமும்' என்று பொருள்படும் இந்தித் தொடரே அதன் குறிக்கோள் வாசகம்.

தொடக்கத்தில் காலாட்படை மட்டுமன்றி, விமான எதிர்ப்புப் பீரங்கி, பொறியாளர், துறைமுகம், மருத்துவம், இரயில்வே எனப் பலவகைப் பிரிவுகள் அதில் இருந்தன. நகரத்தார்க்கு வார இறுதியிலும் விடுமுறையிலும் பயிற்சி. கிராமத்தார்க்கு ஆண்டுதோறும் தொடர்ந்த முகாம். அச்சட்டத்தில் ஊழியராகிய நாம் அறிய வேண்டிய செய்திகள் இரண்டு. படைப்பணிக்கு அழைக்கப்பட்டவர் திரும்பி வந்ததும் அவருடைய பழைய வேலையை முதலாளி மீண்டும் தருதல் வேண்டும் என்பது ஒன்று. 1956-இல் சேர்க்கப்பட்ட மற்றொரு பிரிவு, அரசு ஊழியரும் பொதுப்பயன் துறை ஊழியரும் 20 வயது முதல் 40 வயது வரை, தேவைப்படின் பிராந்திய இராணுவத்தில் கட்டாயமாகப் பணிபுரியக் கடமைப்பட்டவர் என்கிறது. ஒரு கையில் உரிமை, மறு கையில் கடமை. என் மேசைக்கு வரும் அவ்விரு வரிகளுக்கு வேர் இங்கேதான் உளது.

இவையன்றி, 1948-இல் தேசிய மாணவர் படை தோன்றிற்று. 1956-இல் லோக் சகாயக் சேனைச் சட்டம் வந்தது. கிராமத்து இளைஞருக்கு 30 நாள் முகாமில் அடிப்படைப் பயிற்சி தருவது அதன் நோக்கம். 1962-இல் சீனப்போர் மூண்டதும் ஊர்க்காவல் படை திருத்தியமைக்கப்பட்டது. மறு ஆண்டு கல்லூரிகளில் மாணவர் படைப்பயிற்சி கட்டாயமாயிற்று. 1968-இல் மீண்டும் விருப்பப் பயிற்சியாயிற்று. அச்சம் வந்தபோது விரைந்து கூட்டுவதும், அச்சம் நீங்கியதும் தளர்த்துவதும் நம் நாட்டு வழக்கமாகவே இருந்துவந்துள்ளது.

இரயிலும் போரும்

படைக்கும் இரயிலுக்கும் உள்ள தொடர்பை இரயில் ஊழியனாகிய யான் சற்று விரித்துரைப்பதை அன்பர்கள் பொறுத்தருள்க.

இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியர் பர்மா வழியே நெருங்கியபோது, அஸ்ஸாம் நோக்கிய மீட்டர்கேஜ் பாதையே படைகளின் உயிர்நாடியாயிற்று. அமைதிக் காலத்துத் தேயிலைக்காக அமைந்த அப்பாதையால் போர்ச்சுமையைத் தாங்க இயலவில்லை. ஆகவே 1944 மார்ச்சு முதல் ஏறத்தாழ 800 மைல் பாதையில் வண்டி ஓட்டும் பொறுப்பை அமெரிக்க இராணுவ இரயில் பிரிவினர் ஏற்றனர். அவர்கள் வெறும் சிப்பாய்கள் அல்லர். தம் நாட்டில் இரயில்வேத் தொழில் அறிந்து வந்தவர்கள். துப்பாக்கி சுடக் கற்பிக்கச் சில வாரங்கள் போதும். வண்டி ஓட்டவும், தொடர்வண்டிகளை நிலையத்துக்கு நிலையம் மோதாமல் அனுப்பவும் கற்க ஆண்டுகள் வேண்டும். தொழிலறிந்தவனுக்குப் படைப்பயிற்சி தருவது, படையினனுக்குத் தொழில் கற்பிப்பதினும் எளிது. இரயில்வேச் சேமப்படையின் தத்துவம் இதுவே.

1947-இல் நாடு பிரிந்தபோது அஸ்ஸாமுக்குச் செல்லும் பாதை கிழக்குப் பாகிஸ்தானுக்குள் சிக்குண்டது. கிஷன்கஞ்சிலிருந்து பக்கிராகிராம் வரை புதிய இணைப்புப் பாதை விரைந்து அமைக்கப்பட்டு, 1950 ஜனவரி 26-இல், குடியரசு பிறந்த நாளன்றே, பயணிகள் வண்டி ஓடத் தொடங்கிற்று. சிலிகுரி அருகே குறுகிய நிலப்பகுதி வழியே செல்லும் இப்பாதையை எவ்வாறேனும் இயக்கியாக வேண்டும் என்னும் கவலை அன்று முதல் நாட்டுக்கு உண்டு. 1962, 1965, 1971 ஆகிய மூன்று போர்களிலும் இரயில்வேப் பிராந்தியப் படையினர் அழைக்கப்பட்டனர். காலாட்படைப் பிரிவினரோ பாலங்களையும் போக்குவரத்து வழிகளையும் காத்து, நிலைப்படையினரை எல்லைக்கு விடுவித்தனர்.

சீருடை அணியாமலே உயிர் ஈந்தோரையும் ஈண்டு நினைத்தல் தகும். 1965 செப்டம்பர் 9-ஆம் நாள், இராஜஸ்தானின் பார்மர் எல்லையில் கட்ரா ரோடு அருகே, முன்னணிக்குப் பொருள் கொண்டுசென்ற இரயில் ஊழியர் 17 பேர் எதிரி விமானத் தாக்குதலில் மாண்டனர். அவர்தம் நினைவுச்சின்னத்தில் இன்றும் ஆண்டுதோறும் இரயில் தொழிலாளர் மலர் தூவுகின்றனர். படைவீரன் என்றும் தொழிலாளி என்றும் நாம் பிரித்துப் பேசலாம். குண்டுக்கு அவ்வேற்றுமை தெரிவதில்லை.

ஒரு கசப்பான நினைவு

புகழ்ச்சியை மட்டும் எழுதி மலரை நிரப்புதல் முறையன்று. என் தந்தையார் எஞ்சின் கொட்டகையில் ஃபிட்டராக இருந்தவர். பிராந்தியப் படையிலும் சேர்ந்திருந்தார். 1971-இல் அழைப்பு வந்தபோது மகிழ்ந்து சென்றதாகக் கூறுவார். அடுத்த அழைப்பு 1974 மே மாதத்தில் வந்தது. அப்போது எல்லையில் பகைவர் இல்லை. நாடு தழுவிய இரயில்வே வேலைநிறுத்தம் மே 8 முதல் 27 வரை நடந்தது. ஏறத்தாழ 17 இலட்சம் ஊழியர் பங்குகொண்ட போராட்டம் அது. வண்டிகளை ஓட்டப் பிராந்தியப் படையினர் அழைக்கப்பட்டனர். அழைக்கப்பட்டவுடன் அவர்கள் இராணுவச் சட்டத்துக்கு உட்பட்டவராவர். மறுத்தால் அஃது இராணுவக் குற்றம். தந்தையார் சென்றார்.

அடுத்த குவார்ட்டர்ஸில் இருந்த அவருடைய உடன்பணியாளர், நம் பக்கத்துத் தமிழரே, வேலைநிறுத்தத்தில் நின்று வேலை இழந்தார். இரு வீட்டுக்கும் பொதுவாகக் குழாய் ஒன்றே. ஒருவர் குடம் நிறைந்தபின் மற்றவர் குடம் வைப்பர், பேச்சு இல்லை. மூன்றாண்டுகள் இவ்வாறு சென்றன. 1977-இல் மத்தியில் ஆட்சி மாறியபின் வேலை இழந்தோர் மீண்டும் பணியில் அமர்த்தப்பட்டபோதுதான் அவரும் திரும்பினார். அதற்கடுத்த பொங்கலன்று அவர் கரும்பு ஒன்றைத் தோளில் சார்த்திக்கொண்டு எங்கள் வாயிலில் வந்து நின்றதாக அன்னையார் சொல்லக் கேட்டிருக்கிறேன். யான் பிறக்குமுன் நிகழ்ந்தது இது. தந்தையாரின் சீருடை எங்கள் தகரப் பெட்டியின் அடியில் மடித்தபடியே கிடந்தது. 1971-ஐப் பற்றி எத்தனை முறை கேட்டாலும் சொல்வார். 1974-ஐப் பற்றிக் கேட்டால், "சாப்பிட்டாயா?" என்று பேச்சை மாற்றுவார்.

வண்டி ஓடாவிடின் ஊருக்கு உணவும் நிலக்கரியும் வாரா என்பது உண்மை. அரசுக்கு அப்பொறுப்பு உண்டு. சிவில் அதிகாரத்துக்கு உதவியாகப் படையை அழைக்கச் சட்டமும் இடந்தருகிறது. எனினும் எல்லைக் காவலுக்கென ஒருவன் மனமுவந்து தந்த சொல்லை, உடன் உழைப்பவனுக்கு எதிராகப் பயன்படுத்துங்கால், அம்மனம் அடுத்த முறை அதே உவகையோடு வருமா? வளரும் நாடு சேமப்படையைச் சிக்கனம் கருதி அமைக்கிறது. பணத்தில் சிக்கனம் செய்யலாம். நம்பிக்கையில் வீண்செலவு செய்தல் ஆகாது.

இன்றைய நிலை

காலம் மாறிற்று. 1970-களின் தொடக்கத்துக்குள் விமான எதிர்ப்பு முதலிய தொழில்நுட்பப் பிரிவுகள் பெரும்பாலும் நிலைப்படையோடு இணைக்கப்பட்டோ கலைக்கப்பட்டோ போயின. எஞ்சிய இரயில்வேப் பிரிவுகள் ஆறனுள்ளும், ஜான்சி, கோட்டா, ஆத்ரா, சண்டிகர், செகந்தராபாத் ஆகிய ஐந்தையும் கலைத்து, சிலிகுரி வழிப் பாதையை மனத்திற்கொண்டு ஜமால்பூர்ப் பிரிவை மட்டும் வைத்துக்கொள்ள அண்மையில் முடிவாயிற்று. முன்னர்க் கூறிய அஸ்ஸாம் பாதையின் கவலை இன்னும் நீங்கவில்லை என்பது இதனால் விளங்கும்.

மறுபுறம், சேமப்படை பயிரும் வளர்க்கும் என்பதற்குச் சான்று ஒன்று உண்டு. 1982-இல் முசூரி மலைப்பகுதியில், சுண்ணாம்புக்கல் வெட்டி மொட்டையாக்கப்பட்ட சரிவுகளில் மரம் நடுவதற்கெனவே பிராந்தியப் படையில் சூழலியல் பட்டாளம் ஒன்று அமைந்தது. பணிமுடித்த பழைய வீரர்களே அதில் சேர்ந்து மலையைப் பசுமையாக்கினர். நாட்டைக் காத்தலும் நாட்டை வளர்த்தலும் ஒரே கையால் இயலும் என்பதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமோ?

2025 மே மாதம் எல்லையில் பதற்றம் மூண்டபோது, பிராந்தியப் படையினரைப் பணிக்கு அழைக்கும் அதிகாரத்தை மத்திய அரசு இராணுவத் தலைமைத் தளபதிக்கு அளித்தது. அப்படையின் 32 காலாட்பட்டாளங்களுள் 14-ஐப் பணியமர்த்த ஆணை பிறந்தது. ஏவுகணைக் காலத்தில் குடிமகன் படை எதற்கு என்று கேட்போருக்கு அவ்வாணையே மறுமொழி. ஏவுகணை பறந்தாலும், பாலத்தருகே ஒருவன் விழித்து நிற்கத்தான் வேண்டும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன மூன்று. அரசு தன் குடிகளைச் சாதி, இனம் பாராது நம்புதல் வேண்டும். 1920-ஆம் ஆண்டின் இரட்டைப் படை காட்டிய பாடம் இது. சேமப்படையாளனுக்கு இடைவிடாத பயிற்சியும், திரும்பி வந்தால் வேலை உண்டு என்னும் உறுதியும் வேண்டும். 1914-ஆம் ஆண்டும் நம் சட்டமும் காட்டிய பாடம் இது. அவனை அழைக்கும் காரணம் அவன் மனச்சான்றுக்கு ஒத்ததாக இருத்தல் வேண்டும். இதனை எங்கள் வீட்டுத் தகரப்பெட்டி எனக்குக் கற்பித்தது.

பிறந்த மண்ணை விட்டு வடபுலம் வந்து வாழும் நாம், இந்நாடு முழுதும் நம் நாடே என்பதை ஏட்டில் படித்தறிந்தவர்கள் அல்லோம், வாழ்ந்தறிந்தவர்கள். நம் இல்லங்களிலும் அலுவலகங்களிலும் அவ்விரு வரிக்கு உரிய முதியோர் இன்றும் சிலர் உளர். நம் சங்கம் அடுத்த ஆண்டு விழாவில் அவர்களை மேடையேற்றி ஒரு பொன்னாடை போர்த்துமாயின், அவர்தம் நினைவுகளை எழுதி வாங்கி மலரில் பதிக்குமாயின், அது செய்ந்நன்றி அறிதலாகும். பதிவேட்டில் இரண்டு வரிக்குமேல் எழுத எனக்கு விதி இல்லை. மலரில் எழுத யார் தடுப்பார்?

வாழ்க பாரதம்! வளர்க தமிழ்! ஓங்குக நம் சங்கம்!